தாய்மாமன் வைத்த ஃப்ளெக்ஸ் போர்டு

1

போன மாதம் தபாலில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பு, நடுவில் என் பெயர். அனுப்பியது யார் என்று பார்த்தால் என் மகள் கயல்விழி. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் படுத்து எழுகிறாள். அன்று காலையில் நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனாள். "இந்தாங்கப்பா" என்று கையில் கொடுத்தால் என்ன குறைந்து போகும்? அதற்கு ஒரு தபால்தலை, ஒரு தபால்காரர். வாயில் நல்லா வந்தது எனக்கு.

அவள் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். படிப்பு முடிப்பவர்களின் கண்காட்சிக்கான அழைப்பு அது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு படம். கிழிந்த ஃப்ளெக்ஸ் போர்டின் ஒரு மூலை, அதில் பாதிக் கன்னம். அது அவனியாபுரத்தில் என் தங்கச்சி மகள் பாண்டிச்செல்வி கல்யாணத்தில் தாய்மாமனாக நான் வைத்த போர்டு. அங்கேயே குப்பையில் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

வருகிற தை மாதத்தோடு அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். சீமைக்குப் போனவன் தங்கச்சி மகள் கல்யாணத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டுப் போனான் என்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் நடந்தது என்ன என்று நானே எழுதிவிடுகிறேன். எழுதினால் ஏதாவது சரியாகும் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை.

2

நான் அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். என் மனைவி ராணி நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் சின்னப் பிள்ளையாக இருந்த கயலும் வந்து இறங்கினோம். இப்போது பஸ் டெப்போவில் பிரேக் பார்க்கிறேன். விடிவதற்குள் போய், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். குளிர்காலத்தில் இரண்டுமே இருட்டுத்தான்.

இங்கே எதற்கெடுத்தாலும் ஒரு படிவம் நீட்டுவார்கள். பல் பிடுங்கப் போனாலும், நூலகத்தில் புத்தகம் எடுக்கப் போனாலும், கடைசிப் பக்கத்தில் நீ என்ன இனம் என்று கேட்டுக் கட்டம் போட்டிருக்கும். வெள்ளை, கருப்பு, ஆசியர், மற்றவர். முதல் தடவை நான் யோசிக்கவே இல்லை, கருப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பொய்யா சொன்னேன்? பிறந்ததிலிருந்து கண்ணாடி என்ன சொன்னதோ, தெரு என்ன சொன்னதோ அதைத்தான் சொன்னேன். கவுன்டரில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டு, "நீங்கள் கருப்பு இல்லை, ஆசியர்" என்று அடித்துத் திருத்தினாள். பள்ளிக்கூடத்தில் என்னை அண்டங்காக்கா என்று கூப்பிட்ட பயல்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி அந்த அம்மாளை ஒரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கயலால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பள்ளி பஸ்ஸில் பையன்கள் எச்சில் தொட்டு அவள் கையைத் தேய்த்துப் பார்த்தார்களாம், கலர் போகிறதா என்று. பாகிஸ்தானைச் சுருக்கி ஒரு வசவு இங்கே உண்டு. அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வந்து சொன்னாள். "கண்டுக்காத தாயி, ஒழுங்காப் படி" என்றேன். வேறு என்ன சொல்வது? டெப்போவில் எனக்கும் அதே பெயர்தான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை, வரைய ஆரம்பித்துவிட்டாள்.

லீவுக்கு மதுரைக்குக் கூட்டிப்போனால் அங்கே சொந்தபந்தம் சும்மா இருக்குமா? கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி, அம்புட்டுக் குளிருல கெடந்தும் ஒனக்குக் கொஞ்சங்கூட வெளுக்கலையே" என்பார்கள். பாசமாகத்தான் சொன்னார்கள். திரும்பி வரும்போது விமானத்தில் கயல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் எங்க போனா சும்மா இருக்கலாம்?"

தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

3

என் தங்கச்சி முத்துலட்சுமிக்கு ஒரே மகள் பாண்டிச்செல்வி. பி.காம். படித்தவள். வாய் நிறையச் சிரிப்பாள். நிறம் எங்கள் நிறம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று கிளம்பினார்கள். யாரும் சொல்லி விடவில்லை. ஒவ்வொரு தடவையும் முத்துலட்சுமி எனக்குப் போன் போட்டு அழுவாள். கடைசியில் ஒத்தக்கடையிலிருந்து ஓர் இடம் அமைந்தது. மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறார், நல்ல சிவப்பு. அன்றைக்குப் போனில் தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, மாப்பிள்ளையோட அம்மாவே சபையில வச்சுச் சொல்லிட்டாகண்ணே, பொண்ணு கருப்புன்னாலும் களையா இருக்குன்னு. எம்புட்டுப் பெரிய மனசு பாருண்ணே!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரிய மனசுதான் தாயி என்றேன்.

மதுரையில் இப்போது ஃப்ளெக்ஸ் போர்டு இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். காதுகுத்துக்கும் போர்டு, கருமாதிக்கும் போர்டு. கல்யாணம் என்றால் தாய்மாமன் தன் பங்குக்கு மண்டப வாசலில் தனியாக ஒன்று வைத்தாக வேண்டும். அதன் உயரத்தை வைத்துத்தான் தாய்மாமனின் உயரம். பொண்ணு மாப்பிள்ளை, இரு வீட்டார், பங்காளி, மாமன் மச்சான் என்று எல்லார் தலையும் அதில் இருக்கும். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பிகள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகத்துக்கும் கலர் ஏற்றிவிடுவார்கள். எங்கள் வகையறா மொத்தமும் ரோஸ் பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்ததுபோல் நிற்கும். அதில் என்னையே நான் தேட வேண்டியிருக்கும்.

வீட்டில் ஓவியம் படிக்கிற பிள்ளை இருக்கும்போது போர்டை வேறு எவன் கையிலோ கொடுப்பார்களா? "இந்தத் தடவை தாய்மாமன் போர்டு எம் பொண்ணு கைவண்ணம்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். கயல் எங்களுக்கு முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டாள். கையில் சின்ன ரெக்கார்டர். அத்தைமார், சித்திமார் எல்லோரிடமும் உட்கார்ந்து, யார் யார் என்ன நிறம், யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பிள்ளை இம்புட்டு ஆசையாகத் தமிழ் பேசுகிறதே என்று எல்லோருக்கும் பெருமை. கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, பாப்பா கலர் ஏத்த வேணாங்குதுண்ணே. கீழ என்னென்னமோ எழுதச் சொல்லுது. அடிச்சிரவா?"

"அது ஆர்ட்டு படிக்கிற புள்ளப்பா. அதுக்குத் தெரியும். சொல்றபடி அடி" என்றேன்.

4

விடியற்காலையில் போர்டைக் கட்டினார்கள். நான் பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தேன். எல்லா முகமும் இருந்தது. பெரிதாக, உள்ளது உள்ளபடி, வேர்வையோடு, பருவோடு, அவரவர் நிறத்தில். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பெயின்ட் கடையில் கொடுப்பார்களே, கலர் அட்டை, அதைப்போல் ஒரு சதுரம். முகத்திலிருந்தே எடுத்த நிறம். அதற்குக் கீழே, பெயின்டுக்குப் பெயர் போடுவதுபோல், அந்த முகத்தை நாங்கள் கூப்பிடும் பெயர். எனக்கு 'அண்டங்காக்கா'. ராணிக்கு 'புதுநிறம்'. மாப்பிள்ளைக்கு 'எலுமிச்சம்பழம்'. தன் படத்தையும் கயல் வைத்திருந்தாள், 'லண்டன் போயும் வெளுக்கல'.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள். "மாப்ள, ஒன்னயப் பாருடா, கருவாட்டுச் சட்டி!" என்று பங்காளிகள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு வாசித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரையும்விடப் பெரிதாகப் பாண்டிச்செல்வி. அவளுக்குக் கீழே, 'கருப்புன்னாலும் களை'.

கழற்றச் சொல்லி ஆளைக் கூப்பிடுவதற்குள் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். சம்பந்தியம்மா தாம்பாளத்தோடு நடந்து வந்தவர் போர்டைப் பார்த்து நின்றார். உதட்டை அசைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தெருவுக்கே தெரியும்படி நிற்பதைக் கண்டார்.

"நல்ல மனசோட ஒரு வார்த்தை சொன்னேன். அதை நாறடிச்சு நடுரோட்டுல கட்டி வச்சிருக்கீகளா? எவ செஞ்சது இது?"

முத்துலட்சுமி சமையல் கட்டுக்கு ஓடிப் போய்க் காய் வெட்டுகிற கத்தியோடு வந்தாள். கட்டியிருந்த கயிற்றை அறுத்து, எட்டிய இடத்தில் போர்டையும் இழுத்துக் கிழித்தாள். கிழிசல் நேராகத் தன் மகளின் கன்னத்தில் இறங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை.

"நான் எதையும் சேர்க்கலை அத்தை" என்று கயல் அழுகிற குரலில் சொன்னாள். "நீங்க சொன்னதுதான். நீங்க சந்தோஷமாச் சொன்னதுதான்."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் யாருக்கும் பொறுக்கவில்லை.

பெரியவர்கள் சமாதானம் பேசி, முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது. ஆனால் மேடையில் பொண்ணுக்குப் போட நான் மாலையை எடுத்தபோது முத்துலட்சுமி அதை என் கையிலிருந்து வாங்கி, எங்கள் ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுத்தாள். "தாய்மாமன் நீ போடு" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பெற்றவர்கள் செத்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

5

பாண்டிச்செல்வி ஒத்தக்கடைக்கு வாழப் போனாள். அங்கிருந்து எனக்கு வருவதெல்லாம் யார் யாரோ சொல்லும் செய்திதான். சம்பந்தியம்மா அவளை அடித்ததில்லை, திட்டினதில்லை. குழம்பில் உப்புக் கூடினால், "அம்மா தாயி, நான் ஒண்ணுஞ் சொல்லல. சொன்னா ஒங்க மாமன் போர்டு வச்சிருவாரு" என்பாராம். காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான். தெருவில் அவளுக்குப் போர்டுக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. கயல் கேட்டு எழுதிய பெயர்களில் இது இல்லை. இது அவளே உண்டாக்கிக் கொடுத்தது.

இதையெல்லாம் கயலிடம் சொன்னேன். அழைப்பிதழ் வந்த அன்று அவளை அடுப்படியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"அதைக் கொண்டுபோய் மாட்டப் போறியா? அந்தப் புள்ள படுற பாடு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"மதினி கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா." ஒரு தாளை எடுத்து நீட்டினாள். யாரைப் படம் எடுத்தாலும் அவர்களிடம் சம்மதம் எழுதி வாங்க வேண்டும் என்பது அவள் கல்லூரியின் சட்டம். எல்லாம் ஆங்கிலம். கீழே பாண்டிச்செல்வியின் கையெழுத்து, குண்டு குண்டாக.

"மாமன் மக கேட்டா எவ மாட்டேம்பா? நீ வெத்துப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பா."

"அப்போ மதினிக்கு வேணாம்னு சொல்லவே தெரியாது. அதானே பிரச்சினை? அதை யாரு பேசுறது?"

"நீ பேசு. ஒன் மூஞ்சிய வச்சுப் பேசு."

"என் மூஞ்சியும் இருக்கு அதுல."

அதுவும் சரிதான். அவளோடு பேசினால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். கடைசியில் கெஞ்சிக் கேட்டேன். போர்டை வைத்துக்கொள், பாண்டிச்செல்வி முகத்தை மட்டும் ஒரு துணி போட்டு மூடிவிடு என்றேன்.

"மூடினா, அது வெக்கப்பட வேண்டிய முகம்னு ஆயிடுமேப்பா" என்றாள்.

எங்கே நிறுத்துவது என்று டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். தன் முகத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெற்றவன் முகம் வரைக்கும்கூடப் போகலாம், அதற்குத்தானே பெற்றோம். பாண்டிச்செல்வி முகம் வருவதற்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அங்கே நிறுத்தியிருந்தால் அந்தப் போர்டில் என்ன மிஞ்சும்? ஒரு லெஸ்டர் பெண்ணின் கோபம் மட்டும் மிஞ்சும். எங்கள் வீட்டுப் பெரிய மனசு வெளியே தெரிந்தே இருக்காது. இதுவும் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? வலிக்கிற உடம்பு வேறு ஒருத்தியுடையதாக இருக்கிறதே.

6

ராணி வரமாட்டேன் என்று டூட்டிக்குப் போய்விட்டாள். நான் போனேன். பெரிய வெள்ளைச் சுவர், அதன் நடுவில் அவனியாபுரத்துப் போர்டு. கிழிசலைக் கெட்டியான மஞ்சள் நூலால் தைத்திருந்தாள். பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஆங்கிலத்தில் விளக்கம். வெள்ளைக்காரர்கள் கையில் ஒயினோடு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அண்டங்காக்கா என்பதற்கான விளக்கத்தை வாசித்துவிட்டு ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார், பிறகு அவசரமாக வேறு பக்கம் போனார். கயலின் பேராசிரியர் என் கையைக் குலுக்கி, தைரியமான பெண்ணைப் பெற்றிருக்கிறீர்கள் என்றார். தைரியம் தேவைப்படுகிற பெண் ஒத்தக்கடையில் இருக்கிறாள் என்று சொல்ல வந்தது. என் இங்கிலீஷ் அதற்குள் திரண்டு வரவில்லை.

அங்கே க்ளோரியா வந்திருந்தாள். ராணியோடு வேலை பார்க்கும் நர்ஸ், பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். சத்தமாகச் சிரிக்கிறவள். பாண்டிச்செல்வி முகத்துக்கு எதிரே வெகுநேரம் அசையாமல் நின்றாள். பக்கத்தில் போனால் கண்ணில் நீர் தாரை தாரையாக வழிகிறது. "என் அம்மா என் அக்காவைப் பற்றி இதையேதான் சொல்வாள். இதே வார்த்தை. செத்துப்போகும் வரைக்கும் அக்காவுக்கு அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது" என்றாள். போய்க் கயலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கயலும் அழுதாள்.

பெற்ற மனசு குளிராமல் இருக்குமா? எச்சில் தொட்டுத் தேய்க்கப்பட்ட என் பிள்ளை ஏதோ ஒரு பெரிய காரியம் செய்துவிட்டாள் என்று அந்த நிமிடம் தோன்றியது. அதுவரைக்கும் கோபமாவது கைவசம் இருந்தது, அதையும் க்ளோரியா வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஒரு மணி அடித்து நின்றது. ஊர் மிஸ்டு கால், தெரியாத நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன். கையெல்லாம் எண்ணெய், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நான் பாண்டிச்செல்வி."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். "நல்லா இருக்கியா தாயி?"

"இருக்கேன் மாமா. மாசமா இருக்கேன்."

முறையாக இருந்திருந்தால் அந்தச் செய்தி முதலில் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் தாயி, சந்தோஷம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் குரல் கேட்டுக் கயல் மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"படத்தைப் பாத்தோம் மாமா. அவுக கடையில நெட்டுல வந்துச்சு. காலேஜு பேரெல்லாம் போட்டு இருந்துச்சு."

"தாயி, நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். இன்னைக்கே எடுக்கச் சொல்றேன். நானே போயிக் கழட்டுறேன். நீ அழுகாத."

"நான் அழுகல மாமா. எடுக்க வேணாம். கயலு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கும், மார்க்கு போட்டுருவாகள்ல? இருக்கட்டும்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் கயலுகிட்டச் சொல்லுங்க மாமா. எம் மூஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் கலர் ஏத்தச் சொல்லுங்க. நாளைக்கு எம் புள்ள அதை நெட்டுல பாக்கும்ல?"

கயலைப் பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லிட்டேன் தாயி" என்றேன் போனைப் பார்த்து. "ஏத்திர்றேன்னு சொல்லுது."

"நெசமாவா மாமா?"

"நெசமாத்தான். மாப்பிள்ளை கலருக்கே ஏத்திரச் சொல்லுவோம்."

அவள் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு.

"அய்யோ, அம்புட்டு வேணாம் மாமா" என்றாள். "மாநிறம் போதும்."